ரெபேக்காள் செய்த ரம்பம்

ஐம்பத்து நாலாம் வருஷம் அருமைநாயகம் கொழும்பை விட்டு வந்தபோது சொந்தக்காரர்கள் எதிர்பார்த்த சோப்பும் சென்ட் பாட்டிலும் அவர் பெட்டியில் இல்லை. ஒரு சாக்குப்பை நிறைய தீட்டாத கற்களும், கையால் சுற்றுகிற சாணைச் சக்கரமும், கல் அறுக்கிற வட்டத் தகடு ஒன்றும்தான் இருந்தன. பதினாறு வருஷம் அங்கே ஒரு ரத்தினக்கல் கடையில் வேலை பார்த்தவர். கண்ணில் புரை விழத் தொடங்கியதும் முதலாளி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். தென்காசியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டார். ஆறு மாதத்தில், கல்லின்மேல் தான் போட்ட கோடே அவருக்குத் தெரியாமல் போயிற்று. அதன்பிறகு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவள் அவர் மனைவி ரெபேக்காள்.

அப்போது அவளுக்கு முப்பது வயது. பிள்ளை இல்லை. கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டுவதும், சூடு ஏறாமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் அவளுக்குச் சீக்கிரம் கைவந்தன. அருமைநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து தீட்டிய கல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "இந்த ஓரம் இன்னும் மேடு நிக்கி. ரெண்டு சுத்து விடு" என்பார். அவர் விரல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தீட்டிய கற்களை வாங்கிக்கொண்டவன் ஞானதுரை. ரெபேக்காளின் அக்காள் ஜெபமலரைக் கட்டியவன். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அவனுக்கு ஒரு கடை உண்டு. சாரல் விழுகிற மூன்று மாதமும் மோதிரம், பாசிமணி, படிகமாலை என்று வியாபாரம் ஓடும். மற்ற மாதங்களில் திருவிழாத் திருவிழாவாகப் போவான். பேச்சுக்காரன். ஈரத்துண்டோடு அருவியிலிருந்து வருகிறவனைக்கூட நிறுத்திச் சிரிக்கவைத்து ஒரு மோதிரத்தை விரலில் மாட்டிவிடுவான். அருமைநாயகம் கொழும்பில் இருந்த காலத்தில் ரெபேக்காளுக்கு விஷக்காய்ச்சல் கண்டு படுத்தபோது, மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். அத்தான் என்றால் அவளுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அவனைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஐம்பத்தேழில் சிவசைலம் ஆசாரி ஒரு வேலை கொண்டுவந்தார். தென்காசி மேலவீதியில் நகை செய்கிறவர். கடையத்துப் பக்கம் ஒரு வீட்டார் அம்மன் கிரீடத்துக்குச் சந்திரப்பிறை செய்கிறார்களாம். பிறை முழுவதும் ஒரே சந்திரகாந்தக் கல்லாக இருக்கவேண்டும் என்று நேர்ந்திருக்கிறார்கள்.

"ஒட்டுப் போட்டா கண்டுபிடிச்சிருவாங்கம்மா. ஒரே கல்லு. முடியுமா, முடியாதா?"

ரெபேக்காள் ஒரு வாரம் தவணை கேட்டாள்.

வட்டத் தகடு நேராகத்தான் போகும். பிறையின் வெளிவளைவைச் சாணையில் தேய்த்தே கொண்டுவந்துவிடலாம். உள்வளைவுதான் சங்கடம். சின்னச் சக்கரத்தின் விளிம்பில் வைத்துக் குடைந்தால் உள்ளே இருக்கிற கல் முழுக்கப் பொடியாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. சந்திரகாந்தம் ஏடு ஏடாக இருக்கிற கல். சக்கரம் அதிர்ந்தால் ஏட்டோடு பிளந்துகொள்ளும். இரண்டு கற்களில் பிறையின் கொம்பு முறிந்த பிறகு அவள் சக்கரத்தை ஒதுக்கிவைத்தாள்.

தச்சு ஆசாரி பலகையில் பூ வெட்டுகிற மெல்லிய ரம்பம் ஒன்றை இரவல் வாங்கிவந்தாள். பத்து இழுப்பில் பல் மழுங்கிவிட்டது. கல்லில் விழுந்த கறுப்புக் கோடு தேய்ந்த இரும்பின் கறை. துடைத்தால் போய்விட்டது.

"பல்லு எதுக்கு?" என்றார் அருமைநாயகம். "நம்ம தகட்டுக்குப் பல்லா இருக்கு? பொடிதான அறுக்கு. பொடியைச் சுமக்க ஒரு கம்பி போதும். கம்பின்னா எந்தப் பக்கமும் திரும்பும்."

சாணைக்குப் போடுகிற குருந்தப்பொடி வீட்டிலேயே இருந்தது. எந்தக் கம்பி என்பதுதான் கேள்வி. பித்தளைக் கம்பி மெத்தென்று பொடியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அரை விரற்கடை போவதற்குள் மெலிந்து அறுந்தது. வீணைக் கம்பி அறுந்துபோகவில்லை, பொடிதான் அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கட்டுக்கம்பி இழுக்க இழுக்க நீண்டு தொங்கியது. கடைசியில் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பிரேக் கம்பியைப் பிரித்து, அதில் இரண்டு இழைகளை எடுத்துத் தொடையில் திரி திரிப்பதுபோல் ஒன்றோடொன்று முறுக்கினாள். முறுக்கின் பள்ளத்தில் பொடி தங்கியது. தண்ணீரில் குழைத்த பொடி வழிந்துவிடாமல் இருக்க, கொஞ்சம் சோற்றுக்கஞ்சியும் சேர்த்துக்கொண்டாள். மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து அதில் கம்பியைக் கட்டினாள்.

அறுக்க ஆறு நாள் ஆயிற்று. வளைவில் கம்பி முதலில் சிக்கிச் சிக்கி அறுந்தது. ரம்பத்தைத் திருப்பக்கூடாது, கல்லைத்தான் திருப்பவேண்டும் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. திரும்புகிற இடத்தில் முன்னால் தள்ளாமல் நின்ற இடத்திலேயே பத்து இழுப்பு இழுத்து, வழியைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டு, பிறகு ஒரு நூல் அளவு திருப்பவேண்டும் என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. ஆறாம் நாள் பிறை தனியாகவும், உள்ளே இருந்த உருண்டைத் துண்டு தனியாகவும் கையில் விழுந்தன. அருமைநாயகம் உள்வளைவில் கட்டைவிரலை வைத்து அங்குமிங்கும் ஓட்டிப் பார்த்தார். "ஏட்டி, கொழும்புலயே இப்பிடி ஒரு வேலையை நான் தொட்டதில்ல" என்றார். அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அழுகை வந்துவிட்டது, அதை அவருக்குக் காட்டவேண்டாம் என்றுதான் போனாள்.

அதற்குப் பிறகு பிறைக்கும் மாங்காய்ப் பதக்கத்துக்கும் ஆட்கள் தேடிவந்தார்கள். வில்லை ஒரு கை பிடிக்க, கல்லுக்கு ஒரு கைதான் மிஞ்சியது. இரண்டு கையும் கல்லுக்கு வேண்டுமென்று யோசித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் மேலகரத்தில் அக்காள் வீட்டுக்குப் போனபோது, தலை விற்றுப்போன தையல் மெஷினின் இரும்புக்கால் கொல்லையில் கிடப்பதைப் பார்த்தாள்.

"எக்கா, இதை எனக்குத் தாரியா?"

"எடுத்துட்டுப் போட்டி. இங்கன துருப்பிடிச்சுக் கெடக்கு. என்ன செய்யப் போற இதை வச்சு?"

அவள் செய்தது இதுதான். மெஷின் காலின் மேல் ஒரு பலகை. பலகை நடுவில் ஒரு துளை. கம்பியின் கீழ்முனையை மிதிக்கட்டையில் கட்டித் துளை வழியாக மேலே கொண்டுபோய், பின்னாலிருந்து தலைக்குமேல் நீளுகிற ஒரு மூங்கிலின் நுனியில் கட்டினாள். மிதித்தால் கம்பி கீழே இறங்கும். காலை விட்டால் மூங்கில் மேலே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு தகரடப்பா. அதிலிருந்து நூல் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முதலில் கட்டிய மூங்கில் விறைப்பு அதிகமாகி நாளுக்கு நாலு கம்பியை அறுத்தது. அரிவாளால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிப் பதம் பார்த்தாள். ஐம்பத்தொன்பது ஆவணியில் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது. ஆறு நாள் வேலை ஒன்றரை நாளாயிற்று.

அறுபதாம் வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து ஞானதுரை வந்தான். மிதியை மிதித்துப் பார்த்தான். மூங்கிலை ஆட்டிப் பார்த்தான்.

"கொழுந்தியா, இது மாதிரி ஒண்ணு எங்க வீட்டுக்கும் செஞ்சு தா. அக்காவுக்கும் சொல்லிக்கொடு. சீசனுக்கு மாங்காய்ப் பதக்கம் நிறைய கேக்காங்க. நீ ஒருத்தி எத்தனைதான் அறுப்ப?"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு மெஷின் காலை அவனே எங்கிருந்தோ வாங்கிவந்தான். ரெபேக்காள் இரண்டாவதை முதலாவதைவிட நேர்த்தியாகச் செய்தாள். செய்து முடித்து மாசி மாதம் முழுவதும் மேலகரத்துக்குப் போய்வந்தாள். பிள்ளைகள் நாலும் பள்ளிக்கூடம் போனபிறகு அக்காளும் தங்கையும் எதிரெதிரே உட்காருவார்கள். ஜெபமலர் கெட்டிக்காரி. ஏன் இரண்டு இழை, ஏன் கஞ்சி, மூங்கில் எத்தனை முழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நடுவில் பழைய கதைகள். பள்ளிக்கூடத்துப் பாட்டை இரண்டு பேரும் சேர்ந்து பாடி, பாதியில் வரி மறந்து சிரிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்காளோடு இப்படி உட்கார்ந்ததில்லை என்று ரெபேக்காள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

அறுபத்தொன்று ஆடியில், குற்றாலத்தில் ஒரு சங்கத்தார் கைத்தொழில் காட்சி போட்டிருந்தார்கள். சிவசைலம் ஆசாரி வந்து, "உன் ரம்பத்தை வச்சிருக்காங்கம்மா. பரிசுகூடக் கிடைச்சிருக்காம். சொல்லவே இல்லையே நீ" என்றார்.

ரெபேக்காளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் போனாள். சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டகைக்குள் தேன், மூங்கில் கூடை, கைத்தறித் துண்டு எல்லாம் தாண்டி, கயிறு கட்டிய ஒரு மேடைமேல் அவள் செய்த இரண்டாவது ரம்பம் நின்றது. வார்னிஷ் அடித்திருந்தார்கள். மேலே அட்டை தொங்கியது. 'வளைவாகக் கல் அறுக்கும் மிதி ரம்பம். கண்டுபிடித்துச் செய்தவர்: எஸ். ஞானதுரை, மேலகரம். முதற்பரிசு.'

அத்தான் இப்படிச் செய்வான் என்று அவள் நினைத்ததில்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது கோபம் மட்டும்தான். பேச்சுக்காரன், ஆசை யாரை விட்டது என்றுகூட ஒரு பக்கம் நினைத்தாள். அட்டைக்குக் கீழே நாலு தாள் குத்தியிருந்தது. ரம்பத்தைச் செய்கிற விதமும் அறுக்கிற விதமும் எழுதின தாள்கள். குனிந்து படிக்கத் தொடங்கியவளுக்கு இரண்டாவது வரியில் கண் நின்றுவிட்டது.

எழுத்து ஜெபமலருடையது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மெச்சி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டின எழுத்து. 'ழ'வின் வாலை இடதுபக்கம் கொண்டுபோய்ச் சுழித்துவிடுகிற எழுத்து. இரண்டு இழை முறுக்கு, சோற்றுக்கஞ்சி, மூங்கில் நீளம், எல்லாம் இருந்தது. 'தொடையில் திரி திரிப்பதுபோல்' என்று அவள் சொன்ன சொல்கூட அப்படியே இருந்தது. அடியில் தேதி போட்டிருந்தது. மாசி மாதத் தேதி. அவர்கள் சேர்ந்து பாட்டுப் பாடிய அதே மாதம்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்ல மூளைக்காரர்மா இவர்" என்றார். ரெபேக்காள் தலையை ஆட்டினாள்.

குடையை விரிக்காமலே நடந்தாள். மேலகரம் வரைக்கும் நடந்தே போனாள். ஜெபமலர் உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். தங்கை நனைந்து நிற்கிற நிற்பைப் பார்த்ததுமே குழவியை விட்டுவிட்டாள்.

"காட்சிக்குப் போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"அவிய உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தாவ."

"அத்தானை நான் கேக்கல. எழுதினது நீதான?"

ஜெபமலர் கையிலிருந்த மாவை வழித்தாள். "பொம்பளை பேரைப் போட்டு அனுப்புனா எவன் பாப்பான்னு அவிய சொல்லுதாவ. அந்தச் சங்கத்துல தொழில் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப் போறாவளாம். வாத்தியார் வேலை குடுப்பாவளாம். மாசா மாசம் சம்பளம். எனக்கு நாலு பிள்ளைங்க ரெபேக்கா. சீசன் கடையை நம்பி எத்தனை நாள் ஓட்ட? நீங்க ரெண்டு பேரு. உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? உன் ரம்பம் உங்கிட்டதான இருக்கு?"

பிள்ளை இல்லாததை அக்காள் வாயால் அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்க்கா. மாசி மாசம் பூரா எங்கூட உக்காந்திருந்தியே. அது எதுக்கு? எங்கூட இருக்கணும்னா, இதை எழுதணும்னா?"

ஜெபமலர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். அக்காளுக்குக் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவள், அல்லது அந்த நேரத்தில் பொய் சொல்ல விரும்பாதவள்.

"ரெண்டுக்குந்தான்ட்டி" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் ரெபேக்காள் சண்டை போட்டிருப்பாள். இதற்கு என்ன சண்டை போடுவது? அந்த மாதத்தில் எந்தச் சிரிப்பு தனக்காக, எந்தச் சிரிப்பு தாளுக்காக என்று பிரிக்க முடியாமல் அவள் வாசலில் நின்றாள். "துண்டு தாரேன், தலையைத் தொடச்சுக்கோ" என்று ஜெபமலர் உள்ளே போனாள். துண்டோடு திரும்பிவந்தபோது வாசலில் ஆளில்லை.

அருமைநாயகம் எல்லாவற்றையும் கேட்டுமுடித்து, "சங்கத்துல போய்ச் சொல்லுவோமா?" என்று கேட்டார்.

"சொன்னா நம்புவாங்களா? கையெழுத்து எங்க அக்கா கையெழுத்து. மெஷின் காலும் முதல்ல அவ வீட்டுக் காலு. ஆசாரி சாட்சி சொன்னாலும் எனக்கு வேண்டப்பட்டவருன்னு தள்ளிருவாங்க. எங்கிட்ட என்ன இருக்கு காட்ட?"

அடுத்த மாசியில் தபால்காரர் சங்கத்திலிருந்து ஒரு கார்டு கொண்டுவந்தார். வளைவுக் கல் அறுப்புப் பயிற்சி, தென்காசியில், மூன்று மாதம். பயிற்சி பெறத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்: திருமதி ரெபேக்காள். பெயரைக் கொடுத்தது ஞானதுரை. அவளுக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதாக அவன் நினைத்திருக்கவேண்டும். அவள் கார்டைக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காத. ஒருநாள் போயிட்டு வா" என்றார் அருமைநாயகம். "அவன் தொழிலை ஒழுங்காச் சொல்லிக்கொடுக்கானான்னாவது தெரியட்டும். நம்ம தொழில் அது."

போனாள். பன்னிரண்டு பெண்கள், ஆறு ரம்பங்கள். வெள்ளைச் சட்டையோடு ஞானதுரை முன்னால் நின்றான். அவளைப் பார்த்ததும் பேச்சு ஒரு கணம் தடுக்கியது. பிறகு ஓடியது. தாளில் உள்ளதை அவன் மனப்பாடமாகச் சொன்னான். ஏன் பல் வேண்டாம், ஏன் இரண்டு இழை. அருமைநாயகம் அன்றைக்குக் கேட்ட "பல்லு எதுக்கு?"கூட அவன் வாயிலிருந்து வந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

அறுக்கத் தொடங்கியதும் கம்பிகள் வரிசையாக அறுந்தன. ரெபேக்காளுக்குப் பக்கத்தில் பேராச்சி என்று கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒருத்தி, அவள் வயதுக்காரி. புருஷன் விட்டுப் போனவள். இந்த வேலையை நம்பி வந்திருப்பவள். வளைவு வந்ததும் கல்லை முன்னால் தள்ளினாள். கம்பி அறுந்தது. மாற்றிக் கட்டினாள். மறுபடி அறுந்தது. ஞானதுரை வந்து, "இன்னும் கெட்டியா அமுக்கும்மா" என்றான். அவள் அமுக்கினாள். கல்லின் ஓரம் ஏட்டோடு தெறித்தது. பேராச்சிக்கு முகம் செத்துப்போயிற்று.

திரும்புகிற இடத்தில் தள்ளக்கூடாது என்பது தாளில் இல்லை. ரெபேக்காள் அதை வாயால் சொன்னதே கிடையாது. அக்காளின் கையைப் பிடித்து அழுத்திக் காட்டியிருந்தாள், அவ்வளவுதான். அதனால் எழுத்தில் ஏறவில்லை.

ஞானதுரை அந்தப் பக்கம் போனதும் ரெபேக்காள் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "தள்ளாதிய. நின்ன எடத்துலயே பத்து மிதி மிதிங்க. வழி அகலட்டும். பொறவு கல்லை ஒரு நூலு திருப்புங்க. மறுபடி பத்து மிதி."

பேராச்சி அப்படியே செய்தாள். கம்பி சிக்காமல் வளைந்தது. "எம்மா, போவுதே!" என்று அவள் வாய்விட்டுச் சொல்ல, எல்லோரும் திரும்பினார்கள். ஞானதுரை வந்து பார்த்தான். யார் சொன்னது என்று கேட்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. பேராச்சி சொல்ல வாயெடுப்பதற்குள் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான்.

"இங்க வாங்க எல்லாரும். பேராச்சி எப்பிடிச் செய்யுதாங்கன்னு பாருங்க. திரும்புற எடத்துல தள்ளக் கூடாது. நின்ன எடத்துலயே பத்து மிதி. அடுத்து நான் அதைத்தான் சொல்ல வந்தேன்."

ரெபேக்காள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை அவன் பின்னாலேயே வந்தான். தாழ்ந்த குரலில், "கோவிச்சுக்காத ரெபேக்கா. என் பொழப்பு இது. உன்னைப் பட்டியல்ல சேத்ததே நான்தான்" என்றான்.

"அத்தான்" என்றாள் அவள். "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப என்னை வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோனிய. அன்னைக்கு என்னைக் காப்பாத்துனதுக்கு நான் எப்பவோ என்னென்னமோ செஞ்சிருப்பேன், நீங்க கேட்டிருந்தா. வாத்தியார் வேலைக்குக்கூட விட்டுக்குடுத்திருப்பேன். நீங்க கேக்கல."

அவன் ஏதோ சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை.

அதன்பிறகு அவள் அவன் கடைக்குக் கல் கொடுக்கவில்லை. சிவசைலம் ஆசாரிக்கு மட்டும் அறுத்துக் கொடுத்தாள். பேராச்சி பயிற்சி முடிந்ததும் தேடி வந்தாள், எதிரே உட்கார்ந்து வேலை செய்தாள். நல்ல மாதிரியான பெண். ஆனால் அவள் ஏதாவது கேட்டால் ரெபேக்காளுக்கு ஒரு நொடி பதில் வராது. எதற்காகக் கேட்கிறாள் என்று மனசு முதலில் அங்கே போய்விட்டுத்தான் திரும்பும். அது தன்னிடம் வந்து சேர்ந்த கெட்ட வழக்கம் என்று அவளுக்கே தெரியும். விட முடியவில்லை.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஜெபமலர் பெண்கள் வரிசையில் முன்னால் இருப்பாள். ஆராதனை முடிந்ததும் ரெபேக்காள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வாசல் வழியாகப் போய்விடுவாள். ஒருதடவை ஜெபமலரின் கடைசிப் பெண் ஓடிவந்து, "சித்தி, அம்மா உங்களை வரச் சொன்னா" என்றது. ரெபேக்காள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "சித்திக்கு அவசரம்னு சொல்லு" என்றாள்.

அறுபத்தைந்தில் ஞானதுரைக்கு மதுரைப் பக்கம் இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போனான். அதை ரெபேக்காள் தெரிந்துகொண்டது மேலகரத்திலிருந்து மோர் கொண்டுவருகிற உலகம்மை சொல்லித்தான். வீட்டைக் காலி செய்து நாலு நாள் ஆகிவிட்டதாம்.

"உனக்குத் தெரியாதா தாயி? கூடப்பொறந்தவ போறப்ப சொல்லலையா?"

"சொல்லிட்டுத்தான் போனா" என்றாள் ரெபேக்காள்.

உலகம்மை போனபிறகு அருமைநாயகம் உள்ளேயிருந்து கேட்டார். "எப்ப வந்தா? நான் கேக்கலையே."

"வரல" என்றாள். பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அறுத்த கல்லில் வளைவு கோணிப்போயிற்று. பேராச்சி அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ரெபேக்காள் அந்தக் கல்லை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு வேறொன்றை அரக்கில் ஒட்டினாள்.